அம்மா வீட்டுக்குப் புது யுபிஎஸ்

கரண்ட் போனால் அம்மாவும் போய்விடுவாள். பாதிப் பேச்சில், திறந்த வாய் மூடுவதற்குள் திரையிலிருந்து காணாமல் போவாள். அவளுடைய கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் கிடந்த பழைய யுபிஎஸ் பெட்டியின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. கரண்ட் நின்றதும் கீச்சென்று ஒரு கத்து கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். அப்புறம் கரண்ட் வரும்வரை வெளியூரில் மகன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் புதுசு ஒன்று வாங்கி அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தான். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்பட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டான். அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குள் முன்பின் தெரியாதவனை எப்படி விடுவது? அதுவுமில்லாமல், அவனுக்குத் தெரியாத வேலையா இது? எவன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் போனிலேயே வழி சொல்லிச் சரிசெய்து கொடுப்பதுதானே அவன் பிழைப்பு. நாளெல்லாம் “லைன்லயே இருங்க சார்” என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையேதான் உளறுவான்.

“அஞ்சு நிமிஷ வேலைம்மா” என்றான். எதைப் பிடுங்க வேண்டும், எதை எதில் செருக வேண்டும் என்று திரையில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போருக்குக் கிளம்புகிறவள் மாதிரி மேசைக்கு அடியில் நுழைந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

அப்போதுதான் அந்த மகா புத்திசாலிக்கு உறைத்தது, அங்கே அவனுக்கு இருந்த ஒரே கண்ணும் அதோடு போயிற்று என்று. அம்மாவின் செல்போனுக்கு அடித்தான். அது சமையலறையில் சார்ஜில் கிடந்து அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிஷ வேலை அரை மணி நேரத்தைத் தாண்டியது.

அவன் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி முன்பே செய்துவைத்திருந்தான். விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒருவழியாகப் படம் வந்தது. நாற்காலி தெரிந்தது, அதன் முதுகில் மடித்துப் போட்ட போர்வை தெரிந்தது. அம்மாவைக் காணோம்.

“அம்மா?”

“இருக்கேன்டா.” குரல் தரையிலிருந்து வந்தது. “எல்லாம் மாட்டிட்டேன். பச்சை லைட்டு எரியுது. என்னாலதான் எந்திரிக்க முடியல.”

பழைய பெட்டி கல்லாகக் கனத்ததாம். வெடுக்கென்று இழுத்ததில் அது வந்துவிட்டது, அவள் மல்லாக்க விழுந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே ஒரு கால் அசையவில்லை. போன் எட்டாத தூரத்தில். மகனைக் கூப்பிட அவளுக்கு இருந்த ஒரே வழி, வந்த வேலையை முடிப்பதுதான். அதனால் படுத்தபடியே முனகி முனகி மோடம், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு வயராகச் செருகி, பக்கத்திலிருந்த சிபியுவின் பட்டனை அழுத்தியிருக்கிறாள்.

எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டான். அவர் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு தட்டும் சத்தம் போனிலும் கேட்டது, கம்ப்யூட்டரிலும் கேட்டது. பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். யார் வந்தாலும் திறக்காதே, தாழ்ப்பாள் போட்டே வை என்று தினமும் பாடம் நடத்தியது யார்? சாட்சாத் இவனேதான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வைக்கச் சொன்னதும் இவனே. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று, கதவை உடைக்கத் தச்சரைக் கூட்டிவருகிறேன் என்று அக்கா ஓடினார்.

அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதை அழுத்து, இதைப் பிடுங்கு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்கு, பெற்றவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டான். கேட்டதையே திரும்பவும் கேட்டான்.

“உங்க ஆபீஸ்ல என்னையும் சேத்துக்கச் சொல்லுடா” என்றாள் அம்மா. பிறகு, “தரை குளிருதுடா.”

நாற்காலியில் கிடந்த போர்வையின் ஓரத் தையல்கூட அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அவளுக்குக் கை எட்டாது. அவனால் எடுத்துக் கொடுக்க முடியாது. பாழாய்ப்போன போர்வையைப் பார்த்துக்கொண்டே அழுதான்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. சாயங்கால அறை இருண்டது. நாற்காலியின் மேல் திரை வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. கீழே புதுப் பெட்டி விட்டு விட்டுக் கத்தியது, ஆனால் படுக்கவில்லை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை.

“பாத்தியா, கட்டாகல” என்றாள் அம்மா. அந்த வலியிலும் குரலில் ஒரு பெருமை.

அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே சொன்னான்.

“லைன்லயே இரும்மா.”

“நான் எங்கடா போகப் போறேன்?”