ஹிரண்மய் பார்க்காத நாடகம்

கல்கத்தாவின் பவானிபூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுத் தெருவே குப்புறக் கிடக்கும். ஹிரண்மய் சான்யாலுக்கும் அவர் மனைவி கேதகிக்கும் மட்டும் கல்யாணமான நாள்தொட்டு அந்தத் தூக்கம் வாய்த்ததில்லை. மூன்று மணி ஆட்டத்துக்குக் கடைசி மணி அடிப்பதற்குள் அகாதெமி அரங்குக்குள் போய் உட்கார்ந்தாக வேண்டும். கை கழுவின ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். அவள் பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை இல்லை. உறவுக்காரர்கள் யாராவது அதைச் சொல்லி உச்சுக்கொட்டினால், "பிள்ளை இருந்தா ஞாயித்துக்கிழமை யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" என்பாள் கேதகி. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

இன்ன நாடகம் என்று அவர்களுக்குக் கணக்கில்லை. பெரிய குழு, சின்னக் குழு, மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் குறைவாயிருக்கும் நாடகம், எல்லாம்தான். ஆவணி மழையில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வடக்குக் கல்கத்தா வரைக்கும் போயிருக்கிறார்கள். ஊரில் வெள்ளம் என்று ஆட்டத்தை ரத்து செய்திருந்தார்கள். காவல்காரன் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்கு நனைந்த துணியோடு ஒரு கடை வாசலில் நின்று சூடாக மீன் சாப் என்கிற பொரித்த உருண்டை தின்றதை, ஏதோ தேனிலவு போய்வந்த மாதிரி இருவரும் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நேராக நிதாயின் டீக்கடை. அரங்குக்கு வெளியே மரத்தடியில், மண் குவளையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் பிமல், இரண்டு மூன்று வாத்தியார்கள், சில சமயம் ஒப்பனை கலைந்தும் கலையாமலும் நடிகர்கள். ஹிரண்மய் வரும்வரை யாரும் முடிவாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வாயைத் திறந்தால் அதுதான் தீர்ப்பு. நாடகம் படுமோசமாக இருந்தால் அவர் திட்டமாட்டார். சற்று யோசிக்கிற மாதிரி யோசித்து, "லைட் நல்லா இருந்துச்சு," என்பார். அவ்வளவுதான். கூட்டம் குலுங்கும். அந்த வாக்கியம் மறுநாளே ஊரெல்லாம் போய்விடும். ஒத்திகைகளில் நடிகர்கள் ஒருவரையொருவர், "இப்படியே நடிச்சா ஹிரண்தா லைட்டைப் புகழ்ந்துட்டுப் போயிடுவாரு," என்று, அண்ணன் முறைக்கு ஒரு 'தா' சேர்த்து, மிரட்டிக்கொண்டார்கள்.

உண்மையில் அதை முதன்முதலில் சொன்னவள் கேதகி. கல்யாணமான புதிதில், இருட்டில், அவர் காதோடு சொன்னது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்து இருக்கைக்காரர் அதட்டினார். அப்புறம் அது எப்படியோ ஹிரண்மயின் சொத்தாகிவிட்டது. கேதகி உரிமை கொண்டாடியதும் இல்லை.

அவளுடைய நேரம் வீட்டுக்கு நடக்கும்போது வரும். சௌரங்கி சாலையோரமாக, பேருந்துகள் உரசிக்கொண்டு போக, அவள் அன்று பார்த்த நாடகத்தை நடித்துக் காட்டிக்கொண்டே வருவாள். கதாநாயகி எப்படிக் கதவைத் திறந்தாள், வில்லன் எப்படிப் பாதி வசனத்தில் தும்மலை விழுங்கினான், எல்லாம் அச்சு அசலாக வரும். ஒரு நாள் பின்னாலேயே வந்துகொண்டிருந்த அனிமேஷ் அதைப் பார்த்துவிட்டார். சின்னக் குழு ஒன்றை வைத்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுகிற மனிதர்.

"பௌதி," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். "நம்ம புது நாடகத்துல ஒரு வீட்டுக்காரம்மா வேஷம் இருக்கு. மூணு பேரைக் கேட்டுட்டேன், மூணு பேருக்கும் வயசைக் காட்டிக்க மனசில்ல. நீங்க வர்றீங்களா?"

"வயசைக் காட்டறதுக்கு நான்தான் கெடச்சேனா?" என்றாள் கேதகி. ஆனால் முகம் சிவந்துபோயிற்று. பூட்டைத் திறக்கும்போதுதான் கேட்டாள்: "போகட்டுமா?"

"போயேன். நானா வேணாங்கறேன்?" என்றார் ஹிரண்மய்.

குளிர்காலம் முழுக்க ஒத்திகை நடந்தது. அவள் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே வசனம் முணுமுணுத்தாள். பருப்பு அடிப்பிடித்தது. வசனத்தைக் கேட்டுச் சரிபார்க்கக்கூட அவரை விடவில்லை. "நீ மொத தடவையா மேடையிலதான் பாக்கணும்," என்றாள். புதுக் குர்த்தா ஒன்று வாங்கி, கஞ்சிபோட்டு மடித்து அவருக்கு வைத்திருந்தாள்.

முதல் ஆட்டத்தன்று ஹிரண்மய் அந்தக் குர்த்தாவில், வழக்கமான வரிசையில், பக்கத்து இருக்கையில் தன் சால்வையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். விளக்கணைந்தது. கேதகி வந்தாள்.

மோசம் என்று சொல்ல முடியாது. ஒரு சொல்லும் தப்பவில்லை, குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஆனால் சௌரங்கி சாலையில் நடந்துகொண்டே ஊரை உண்டுபண்ணிக் காட்டுகிறவள் இங்கே இல்லை. கைகள் இரண்டும் வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி தொங்கின. பேசி முடித்தவுடன், அடுத்தவர் பேசட்டும் என்று வகுப்பில் பதிலுக்குக் காத்து நிற்கிறாப்போல நின்றாள். ஹிரண்மய் இடைவேளையிலேயே என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். குரலைச் சொல்லலாம். கடைசிக் காட்சியில் சாவியைத் தூக்கிப்போட்ட இடம் உண்மையிலேயே நன்றாயிருந்தது, அதைச் சொல்லலாம். எல்லாவற்றையும் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

நிதாயின் கடையில் கூட்டம் அன்று வழக்கத்தைவிடப் பெரிசு. எல்லோருக்கும் அவள் யார் என்று தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லா முகமும் இவரைப் பார்த்தது. பிமல்தான் டீக்குவளையை நீட்டி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "என்ன ஹிரண், தீர்ப்பு என்ன?" என்றார்.

அந்த மௌனம் அவருக்குப் பழக்கமான மௌனம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் ஒரு வாக்கியத்தைப் போட்டு ருசி கண்டவர். அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ, நாக்கு தன் பாட்டுக்குப் புரண்டது.

"லைட் நல்லா இருந்துச்சு."

குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஹிரண்மய் திரும்பிப் பார்த்தார். காதோரம் அரிதாரம் கலையாமல், யாரோ கொடுத்த ரஜனிகந்தாப் பூங்கொத்தோடு கேதகி நின்றிருந்தாள்.

அவளும் சிரித்தாள். "ஆமா, நானும் அதான் நெனச்சேன். கண்ணு கூசிடுச்சு," என்றாள். பிமல் அவசரமாக அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதை முழுக்கக் குடித்து, குவளையைத் தொட்டியில் போட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டாள்.

எல்கின் சாலைத் திருப்பம் தாண்டியதும் கேட்டாள்.

"என் கை எப்படி இருந்துச்சு?"

"எதுக்கு இப்ப..."

"சொல்லு. பாத்தல்ல?"

"தொங்கிட்டு இருந்துச்சு," என்றார் ஹிரண்மய்.

"எனக்கும் தெரிஞ்சுது. எங்க வெச்சுக்கறதுன்னே புரியல." கொஞ்சதூரம் நடந்தாள். "இதையே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா ஒரு மூச்சு அழுதிருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன். நீ அவங்க சிரிக்கணும்னு சொன்ன."

"வாய் தவறிடுச்சு, கேதகி."

"தவறல. நல்லாத்தான் சொன்ன. எடம் பாத்து, மூச்சு நிறுத்தி. இன்னைக்கு அந்தக் கூட்டத்துல நடிக்கத் தெரிஞ்ச ஆள் நீதான்."

வீடு வந்து பூவைத் தண்ணீரில் வைத்தாள். சோறும் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் தொடர்ந்து போகப்போறேன். அனிமேஷ்தா வரச் சொல்றாரு. ஆனா ஒண்ணு. ஊர்ல எந்த நாடகம் வேணா பாரு. நான் இருக்கறதப் பாக்க வராத."

கோபம், ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தார். வாரம் மாதமாயிற்று. கோபம் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் பேசினாள், சிரித்தாள், அவருக்குச் சளி பிடித்தபோது இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தாள். துர்கா பூஜை நாட்களில் இருவரும் சேர்ந்தே பந்தல் பந்தலாகச் சுற்றினார்கள். ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"இன்னும் நீ என்னை மன்னிக்கல, இல்ல?"

"அன்னைக்கே மன்னிச்சிட்டேனே," என்றாள் அவள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "இது அதில்ல. நீ கீழ உக்காந்திருந்தா நான் வசனம் பேச மாட்டேன். நீ வெளிய போயி என்ன சொல்லப்போறியோன்னு காதைக் குடுத்துகிட்டு நிப்பேன். எனக்கு இருக்கறது ஒரு மேடை. விட்டுடேன்."

ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு ஒத்திகைக்குப் போய்விட்டன. ஹிரண்மய் தனியாக நாடகத்துக்குப் போனார். நல்ல இடம் வரும்போது உடம்பு தானாக இடது பக்கம் சாயும். அங்கே யாரோ ஒரு கனவான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீக்கடையில் தீர்ப்புக் கேட்டால், "நீங்க சொல்லுங்க, கேப்போம்," என்று ஒதுங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஆட்டம் முடிந்ததும் நேரே மெட்ரோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிடப் பழகிக்கொண்டார்.

அடுத்த வருஷம் அனிமேஷ் புது நாடகம் போட்டார். சிறையிலிருக்கும் தம்பியைப் பார்க்கப் போகும் ஓர் அக்காவின் கதை. கேதகிதான் அக்கா. முதல் ஆட்டத்துக்கு மறுநாளே அவளைப் பாராட்டுகிறவர்களால் ஹிரண்மயின் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. பிமல் வீட்டுக்கே வந்தார். அவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, "ஹிரண், ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா. அவளுக்குத் தெரியவா போகுது? இருட்டுதானே," என்றார்.

ஹிரண்மய் போகத்தான் செய்தார். மாடி வரிசைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போனார். டிக்கெட் கிழிக்கிறவர் அடையாளம் கண்டுகொண்டு முகமெல்லாம் மலர்ந்தார். "வாங்க ஹிரண்தா. பௌதி என்னமா பண்றாங்க தெரியுமா? நான் தெனம் உள்ள வந்து நின்னு பாக்கறேன்," என்றார். உள்ளே முதல் மணி அடித்தது. திரைக்குப் பின்னால் அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள், புடவைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டிருப்பாளா என்று நினைத்தார். நின்ற இடத்திலேயே டிக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதிலிருந்து அவள் ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் நிதாயின் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்ததாகப் பெயர். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளே கைதட்டல் எழும்போது, அது எதற்கான கைதட்டல் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். சிரிப்பொலியும் கேட்கும். சில சமயம் நெடுநேரம் ஒரு சத்தமும் இருக்காது. அதுதான் அவரை வாட்டியது.

தை பிறந்து குளிர் தளரத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் வழக்கம்போல இரைச்சல் போடவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து டீ கேட்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

"என்னம்மா, அழுதியா?" என்றார் ஹிரண்மய்.

"கொஞ்சம்," என்று மூக்கை உறிஞ்சினாள். "நீங்க பாக்கலையா காக்கு?" என்றாள், சித்தப்பா முறை வைத்து.

"டிக்கெட் கெடைக்கல. என்ன கதை, சொல்லேன்."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் சொன்னாள். "அந்த அக்கா மூணு தடவை போறாங்க ஜெயிலுக்கு. இல்ல, ரெண்டு தடவை. கடைசில தம்பிய வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லிடறாங்க. அவங்க தம்பிக்குன்னு டிபன் டப்பா கொண்டுவந்திருக்காங்க. அதைத் தொறந்து... அவங்களே சாப்பிடறாங்க, காக்கு."

"வசனம்?"

"ஒண்ணும் கெடையாது. சும்மா சாப்பிடறாங்க. ரொம்ப நேரம். மொதல்ல எல்லாரும் சிரிக்கப் பாத்தாங்க. அப்புறம் யாரும் சிரிக்கல." அந்தப் பெண் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவங்க பெருசா ஒண்ணும் பண்ணல. மீன் முள் எடுத்து வெக்கறாங்க, பாருங்க, டப்பா மூடியில. தம்பிக்கு எடுத்து வெக்கற மாதிரி. எனக்கு அதைச் சொல்ல வரல. நீங்க பாத்தாத்தான் தெரியும்."

"மூடியோட எந்த ஓரத்துல வெக்கறாங்க?" என்றார் ஹிரண்மய்.

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "அதெல்லாம் கவனிக்கல," என்றாள். பேருந்து வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஹிரண்மய் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொன்னதை வைத்து அந்தக் காட்சியைக் கட்டிப் பார்த்தார். மேடை வந்தது, மேஜை வந்தது, டப்பா வந்தது. கேதகி உட்கார்ந்தாள். அவர் எத்தனை தரம் முயன்றாலும் அவள் வீட்டுச் சமையலறையில் சாப்பிடுகிற மாதிரிதான் சாப்பிட்டாள். நிதாய் கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது ஆறியது.

கேதகி கடைசியாக வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அசதியில் நடை தளர்ந்திருந்தது. "ரொம்ப நேரமாச்சா?" என்றாள்.

"இல்ல. போலாமா?"

இருவரும் சௌரங்கி சாலையில் நடந்தார்கள். காற்று இதமாக இருந்தது. திருப்பத்தில் ஒரு கடையில் மீன் சாப் பொரித்துக்கொண்டிருந்தான். வாசனை நடைபாதை முழுக்க வந்தது.

"சாப்பிடறியா?" என்றார்.

"வேணாம். பசிக்கல."

ஏன் பசிக்கவில்லை என்று ஹிரண்மய்க்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தனக்கு மட்டும் ஒன்று வாங்கி, காகிதத்தில் பிடித்துக்கொண்டு, சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தார். நாளைக்குப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தேர்வு, தாளெல்லாம் இன்னும் கட்டவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தார்.