சீனிக்கொல்லா

மரம் அறுக்கும் மெஷின் 'விர்ர்'ரென்று அலறியது பிலோமியின் காதில் விழுந்தது. மாடியில் காயப்போட்டிருந்த நெத்திலியை அப்படியே விட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் ஓடினாள். பெரியதாழை ஊருக்குப் பின்னால் அந்தச் செம்மணல் தேரியில் அறுக்கிறதுக்கு வேறு எந்த மரம் இருக்கிறது?

நினைத்தது சரிதான். சீனிக்கொல்லா என்று அவர்கள் வீட்டில் சொல்லும் முந்திரி மரம் பாதி சாய்ந்து கிடந்தது. தூரைத் தோண்ட ஜேசிபி வேறு. பக்கத்தில் தம்பி ரோச் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏலே, நிப்பாட்டச் சொல்லு."

மெஷின் அடங்கியது.

"எம் பங்குல நிக்க மரம்க்கா," என்றான் ரோச். "கொட்டை சுண்டைக்காய் அளவுகூட இல்ல. வச்சு என்ன செய்ய?"

"கொட்டைக்கா வளத்தோம்? பழத்துக்குல்லா வளத்தோம்."

மற்ற முந்திரிப் பழமெல்லாம் தொண்டையைக் கரகரக்க வைக்கும். இது மட்டும் சீனியாய் இறங்கும். கொட்டையை ஊன்றினால் அந்த ருசி வராது. பிலோமி வீட்டுக்குப் பின்னால் ஊன்றிப் பார்த்தாள்; அத்தனையும் கரகரப்பு. அதனால் மரம் கிழடு தட்டும்போதெல்லாம் ஒரு தாழ்ந்த கிளையை மணலில் புதைத்து வேர்விட வைப்பார்கள். இந்த மரத்தைக் கல்யாணத்துக்கு முந்தின கோடையில் பதியம் போட்டவள் அவள்தான். கிளை எழும்பாமல் கல்லேற்றி, மணல் மூடாமல் பனையோலை வேலி கட்டி, சைக்கிளில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோனாள்.

"ஒரு குடம் தூக்கிருப்பியாலே நீ? தின்ன மட்டும் முதல் ஆளா வந்து நின்ன."

"மெதுவாப் பேசுக்கா. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். குருசடிக் கோயில் மைக்கை வாங்கிட்டு வந்து பேசுதேன்."

அப்போதுதான் கவனித்தாள். மரத்தில் நுனிக்குச்சி ஒன்றுகூட இல்லை. ரோச்சின் காலடியில் ஈரச்சாக்கு. உள்ளே கட்டுக்கட்டாகக் குச்சிகள், இலையைக் கத்தரித்துக் காம்பு மட்டும் விட்டு. மொட்டு திரளட்டும் என்று வேறு கன்றில் ஒட்டுக் கட்டும் குச்சிக்குத்தான் முன்கூட்டியே அப்படிச் செய்வார்கள்.

"ஒட்டுக் கட்டவா?"

"நர்சரிக்காரவ கேட்டாவ."

பிலோமி மூச்சை இழுத்து விட்டாள். கோபம் ஆறவில்லை, ஆனாலும் கையை நீட்டினாள்.

"மரந்தான் போச்சு. எனக்கு ஒரு பிடி குச்சி குடு. வீட்டுக்குப் பின்னால நிக்கதுல கட்டிக்கிடுதேன்."

ரோச் சாக்கைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். அவள் குனிந்து அதை இழுத்தாள். அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"விடுக்கா. வேற யாருட்டயும் ஒரு குச்சிகூட இருக்கக் கூடாதுன்னுதான் மரத்தையே அறுக்கச் சொன்னாவ."