ஐந்தாவது ஆளுக்கான பலகை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேடிப் போகவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டை இடிக்கப் போவதாக உரிமையாளர் சொன்னார். நானும் அம்மாவும் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் உள்ள வீடொன்றைப் பிடித்தோம். எங்கள் சாப்பாட்டு மேசை அந்த மாடிப்படியின் வளைவில் திரும்பாது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

ஐந்து முறை எழுதிவிட்டேன், இது ஆறாவது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். பகலெல்லாம் மற்றவர்களின் ஒற்றுப்பிழைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து என்னுடையதைப் பார்க்கத் தெம்பில்லை.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

‘நான்கு தலைமுறைகளின் கைரேகைகள் படிந்த அந்த மேசை, காலத்தின்

காலத்தின் என்ன? அங்கேயே பேனாவை மூடிவிட்டேன். மேசையில் படிந்திருந்தது கைரேகை அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு.

2

மேசையைச் சொல்கிறேன். அப்பாவின் தாத்தா புத்தகம் பைண்டு செய்பவர். தாள் மடிப்பதற்காக அதை வாங்கினார். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு அவரும் மனைவியும் அதிலேயே சாப்பிடுவார்கள். இரண்டு பேருக்கு இடம். அவர் மகன் ரயில்வேயில் சிக்னல்காரர். இரண்டு பிள்ளைகள் ஆனதும் ஒரு பலகையும் இரண்டு கால்களும் சேர்த்து, நான்கு பேருக்கு ஆக்கினார். சேர்த்த இடத்தில் விரலை ஓட்டினாலும் தெரியாது. மனிதர் அப்படி.

மூன்றாவது பலகை அப்பா சேர்த்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா சர்வேயர், மாதத்தில் இருபது நாள் வெளியூர்.

[இங்கே அப்பாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பத்தி நன்றாகத்தான் இருந்தது, கதைக்கு வேண்டாமென்று எடுத்துவிட்டேன். எடுத்த இடம் தெரிகிறதா?]

நான், தங்கை, அம்மா, அப்பா என்று நாங்கள் நான்கே பேர். நான்கு பேருக்கு ஏற்கெனவே இடமிருந்த மேசையில் ஐந்தாவது இடம் எதற்கு என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அந்தக் கோடியில் தண்ணீர்க் கூஜாவும் பழைய செய்தித்தாள்களும் இருக்கும். தங்கை அங்கே போய் உட்கார்ந்தால் மட்டும் அம்மா, “இந்தப் பக்கம் வா” என்பாள்.

3

வந்த தச்சருக்கு நான் வைத்த பெயர் மில்லிமீட்டர். எதைக் கேட்டாலும் அதில்தான் பதில் வரும். புதுவீட்டுப் படிக்கட்டை அளந்துவிட்டு வந்தார், மேசையை அளந்தார், தலையைச் சொறிந்தார்.

“நானூறு மில்லி குறைக்கணும் சார். இந்தக் கோடிப் பலகைய எடுத்துட்டா போயிடும்.”

குனிந்து அடியில் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இத யார் சார் அடிச்சது?”

“எங்கப்பா. சர்வேயர்.”

“சர்வேயரா? அளந்து அடிச்ச மாதிரியே இல்லையே! ஒரு ஆணிகூட நேரா இறங்கல. வளைஞ்சத அப்படியே மடக்கி அடிச்சிருக்கு. கழட்ட வராது, அறுக்கத்தான் வேணும்.”

அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

“நான்தான் அடிச்சேன்.”

“நீயா? எப்போ?”

“உனக்கு நாலு வயசு. அப்பா ஊர்ல இல்ல. எனக்கு ஏழு மாசம். வயித்த வச்சுக்கிட்டு மல்லாந்து படுக்க முடியல, ஒருக்களிச்சுப் படுத்து அடிச்சேன். அதான் வளைஞ்சிருக்கு.”

“எதுக்கும்மா?”

“என்ன கேள்வி இது? அஞ்சாவது ஆள் வரப்போகுதுன்னுதான்.”

அம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை பிறந்து, மூன்றாம் நாளே போய்விட்டது என்று எனக்கும் தங்கைக்கும் தெரியும். ஆனால் வீட்டில் சில விஷயங்கள் தெரிந்திருக்கும், பேச்சில் வராது. அதையும் பலகையையும் நாங்கள் சேர்த்துப் பார்த்ததில்லை. தினமும் மூன்று வேளை அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

“அப்பா அடிச்சதுன்னுதானே சொல்வீங்க?”

“வர்றவங்க கேப்பாங்க, இவ்வளவு கோணலா யாரு அடிச்சதுன்னு. என்னைப் பேச விடமாட்டார். முந்திக்கிட்டு ‘நான்தான்’னுடுவார். சர்வேயருக்கு ஆணி அடிக்கத் தெரியலன்னு ஊரே சிரிச்சுது. சிரிச்சுட்டுப் போகட்டும்னு இருந்தார்.”

“அப்புறமாவது எடுத்திருக்கலாமே?”

“யாரு எடுக்கறது? அவருக்கு அந்தப் பக்கம் கையே போகாது. நானே அடிச்சேன், நானே பிடுங்கவும் செய்யணுமா?”

மில்லிமீட்டர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

4

இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் அம்மா, “அதை மட்டும் வெட்டாதே” என்று கதறினாள். மூன்றாம் வரைவில் கதறவில்லை, கண் கலங்கினாள். இரண்டும் பொய்.

நடந்தது இது. வேறு வீடு பார்ப்போம் என்றுதான் நான் சொன்னேன். அம்மா கையிலிருந்த கிண்ணத்தைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள்.

“ஒரு பலகைக்காக வீடு மாத்துவியா? போய் வேலையப் பாரு. நீங்க அறுங்க தம்பி.”

ரம்பம் பாதி வழியில் ஆணியில் சிக்கியது. பலகை ஆடியது. அம்மா எழுந்து வந்து கோடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எழுபத்தெட்டு வயதுக் கைகள்.

“ஆடுது பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்.”

அறுந்து கையில் வரும்வரை விடவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், எதையும் பிடித்துக்கொள்ளாமல். எந்த வரைவிலும் என்னால் அந்த இடத்தைச் சரிசெய்ய முடியவில்லை.

5

(ஒரு கணக்கு. நான்காம் தலைமுறை நான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே வந்த மேசையில் முதன்முதலாகக் குறைத்தவன் நான்தான். “நீ எழுதற கதைதான் நீ சேர்க்கறது” என்றார் அலுவலக நண்பர். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கதையின் மேல் தட்டு வைக்க முடியாது.)

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) பலகை புதுவீட்டுச் சுவரில் புத்தகத் தட்டாகிறது. அம்மா சொன்னாள்: “அந்தச் சுவர் ஒரு ஆணியத் தாங்காது.”

ஆ) வெளியூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் தங்கைக்கு அனுப்புகிறோம். அவளே போனில் கேட்டாள். எதற்கென்று கேட்டேன். “தெரியலண்ணா. என்னை அங்க உட்கார விட்டதே இல்லல்ல? என்மேல என்னமோ கோவம்னு நினைச்சுட்டிருந்தேன், இத்தனை வருஷமா” என்றாள். அப்புறம், “அனுப்பாத. அம்மாகிட்டயே இருக்கட்டும்” என்று வைத்துவிட்டாள்.

இ) அம்மாவும் நானும் அதை ஆற்றில் விடுகிறோம், சூரியன் மறைந்து

வெட்கமாக இருக்கிறது. விடுங்கள்.

ஐந்தாம் வரைவை அம்மா படித்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, நான் அலுவலகத்தில் செய்வதைப்போலவே பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தாள்.

“நான் அழுதேன்னு போட்டிருக்க.”

“கதைக்காகம்மா.”

“அழணும்னா நீ அழு. என்னை ஏன் அழ வைக்கிற?”

6

குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. மேசை இப்போது கூடத்தில் நான்கு பேருக்கு இடத்தோடு நிற்கிறது. நாங்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பலகையை மேலே கொண்டுவந்து, தற்சமயத்துக்கு என்று வாசற்கதவின் பின்னால் சாய்த்துவைத்தோம். என்ன செய்யலாம் என்று அம்மாவை இரண்டு முறை கேட்டேன்.

“நிக்கட்டுமே. உன்னை என்ன பண்ணுது?”

ஒன்றும் பண்ணவில்லை. வீடு கூட்டும்போது அம்மா அதை ஒரு கையால் நகர்த்திப் பெருக்கிவிட்டு, திரும்பச் சாய்த்துவைக்கிறாள். மடங்கிய ஆணிகள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி.

இதற்கு மேல் எனக்கு முடிவு தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதினால் அம்மா அடித்துவிடுவாள். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நேரில் வந்து சொல்லுங்கள். மூன்றாம் மாடி, இடதுபக்க வீடு. கதவைத் தட்டவேண்டாம், பகலில் திறந்துதான் இருக்கும். மெதுவாகத் தள்ளுங்கள். முழுக்கத் திறக்காது.