ஜோடிக் குழி

செங்கல் சூளையில் தனி ஆளுக்குக் குழி கிடையாது, ஜோடிக்குத்தான். புருஷன் மண் குழைக்க வேண்டும், பெண்டாட்டி அதை அச்சில் அடைத்துக் கல் அறுக்க வேண்டும். குழைத்த மண்ணை வெயில் ஏறுவதற்குள் அறுக்காவிட்டால் இறுகிப் பாழாகிவிடும்.

அன்று என் புருஷன் குழைத்து முடித்தான். நான் அச்சைத் தொடாமல் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னடி, உடம்புக்கு என்ன?”

“இப்பதான் கேக்கத் தோணுச்சா?”

மூன்றாவது பிரசவத்தில் நான் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று தங்கினால் உயிர் தங்காது என்று டாக்டர் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். என் இதயம் இருக்கிற லட்சணத்துக்கு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகாதாம். ஆண்களுக்குப் பண்ணினால் சின்ன வேலைதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நர்சம்மா வரும்போதெல்லாம் சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. இருட்டினால் மட்டும் கை தானாக நீளும்.

“சூளை வாசல்ல நர்சம்மா வண்டி நிக்குது. போய்ட்டு வாய்யா. அப்பதான் அச்சைத் தொடுவேன்.”

பக்கத்துக் குழிக்காரன் இளித்தான். “போ மாப்ள. நாளையிலேர்ந்து பொம்பளைங்களோட உக்காந்து பேன் பாக்கலாம்.”

மாமியார் ஓடி வந்தாள். “என் புள்ளைய முடமாக்கப் பாக்கிறியா? நாளைக்கு மண்வெட்டி தூக்குவானா? ஏன், உனக்குப் பண்ணா ஆகாதா?”

“பண்ணா செத்துருவேன் அத்தை.”

“எல்லாரும் ஒருநாள் சாகறதுதான்.”

சொல்லிவிட்டு அவளே அச்சைப் பிடுங்கினாள். ஆத்திரத்தில் மணல் தூவ மறந்துபோனாள். கல் அச்சோடு ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது. அடுத்ததும் அப்படியே.

மேஸ்திரி வந்தார். “உங்க வீட்டுப் பஞ்சாயத்து எனக்கெதுக்கு? ஜோடி இல்லைன்னா குழியைக் காலி பண்ணு. வெளிய ஆள் காத்துக் கிடக்குது.”

அவன் என் தலைமயிரைப் பிடித்து இரண்டு அறை விட்டான். நான் எழுந்திருக்கவில்லை.

“அடி. கை முறிஞ்சா கல்லு யாரு அறுப்பா, உங்கம்மாவா?”

ஓங்கிய கை அங்கேயே நின்றது. குழைத்த மண் மேலே காய்ந்து ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான். மண்வெட்டியை வீசி எறிந்துவிட்டு வாசலுக்கு நடந்தான். மாமியார் பிணத்துக்குப் பின்னால் போகிறவள் மாதிரி மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

வண்டியில் கால் வைக்கும்போது திரும்பிக் கத்தினான். “வந்து இருக்குடி உனக்கு!”

“வா. உயிரோடதான் இருப்பேன்,” என்றேன்.