பதினாறாவது ஆடு

கொல்லம் ஆண்டு 1107, ஆவணி மாதம். ஆட்டு வியாபாரி யாக்கூபு சாயிபு குலசேகரத்தில் பதினைந்து ஆடு பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் வழியில், ரப்பர் தோட்டத்துப் பாறையிடுக்கில் மழைக்கு ஒதுங்கினார். மறுநாள் மகளுக்கு நிக்காஹ். விருந்துக்கு ஒரு ஆடு குறைந்தாலும் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுகிற ஆட்கள்.

மழை விடும்வரை பொழுது போகட்டும் என்று தோட்டத்துக் காவல்காரர் சத்தியநேசன் பாறையில் கரியால் கோடு கீறி ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மூன்று கூழாங்கல் புலி. பதினைந்து ரப்பர்க்கொட்டை ஆடு.

"புலி பக்கத்து ஆட்டத் தாண்டிச் சாடினா அந்த ஆடு போச்சு, சாயிபே. ஆனா சாடி விழ அங்கண எடம் காலியா கெடக்கணும்."

"காலியில்லேன்னா?"

"சாடாது. நவுர வழியில்லாம புலிய அடைச்சா நீரு செயிச்சீரு."

யாக்கூபு தோற்றுக்கொண்டே இருந்தார்.

"நடுவுல ஒத்தையா விடாதயும் வே. ஓரம் பிடியும். ஒண்ணுக்குப் பொறத்த ஒண்ணு நிக்கணும்."

யாக்கூபு அடுத்த கொட்டையை எடுத்து நிமிர்ந்தார். எதிரே, ஓடையை ஒட்டி ஒரு நிஜப் புலி உட்கார்ந்திருந்தது. எப்போது வந்ததோ தெரியாது. பாறையில் கீறிய கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கையிலிருந்த கொட்டை கீழே விழவில்லை. விரல்கள் அப்படி விறைத்துவிட்டன.

"ஆட்டம் ஒம்மளது," என்றார் சத்தியநேசன் உதடு அசையாமல்.

இரண்டு பேரும் நிஜ ஆடுகளை இழுத்து, ஓடையிலிருந்து ஏறிவரும் பாதைக்கு இருபுறமும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக நிறுத்தினார்கள். புலி எழுந்து ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் எட்டிப் பார்த்தது. இடமில்லை. மறுபடி உட்கார்ந்தது.

ஜோடி சேராமல் ஒரு ஆடு மிஞ்சியது. நடுவில் பாதை திறந்து கிடந்தது.

"அத பாதையில வச்சா அடைஞ்சிரும்," என்றார் சத்தியநேசன். "ஆனா அதுக்குப் பொறத்த காலி."

"பொறத்த யாரு நிக்கியது?"

சத்தியநேசன் தாடையால் அவரையே சுட்டிக்காட்டினார். பெண்ணைப் பெற்றவர் யாக்கூபுதானே.

யாக்கூபு கடைசி ஆட்டைப் பாதையில் நிறுத்தி, அதன் வாலோடு ஒட்டித் தானும் நின்றார். 

புலி இடம் பார்த்தது, வலம் பார்த்தது. யாக்கூபைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. தோற்றவன் கட்டத்தை விட்டு எழுந்து போவதுதானே முறை. எழுந்து ஓடையில் இறங்கிப் போய்விட்டது.

"படச்சவனே," என்று அப்படியே குந்தப்போனார் யாக்கூபு.

"குந்தாதயும்." சத்தியநேசன் பாறையில் கிடந்த கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆட்டத்துல புலி மூணுல்லா, சாயிபே."

யாக்கூபின் முதுகுப் பக்கம் புதர் அசைந்தது. அவர் மெல்லத் திரும்பினார். யாரும் சொல்லாமலே, கடைசி ஆடும் திரும்பி வந்து, அவருக்குப் பின்னால் இடமில்லாதபடி ஒட்டி நின்றுகொண்டது.