ஏணி வைத்த வீடு

"சந்தோஷமா இருந்துச்சா?"

"ம்."

"அடுத்த தடவை எங்க போகலாம், நீயே சொல்லு."

"வேற நாட்டுல ஏதாவது ஒரு கிராமம். நம்மள யாருக்குமே தெரியக் கூடாது."

"போயிடலாம். அக்காவுக்கும் குளிர் பிடிக்கும்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான பத்தாம் நாள், தேனிலவு முடிந்து திரும்பிய பேருந்தில் அவளும் அவள் கணவனும் பேசிக்கொண்டது இது. முன் சீட்டில் அந்த அக்கா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். 'நாம ரெண்டு பேர் மட்டும் போகலாமா' என்ற கேள்வி அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினாள். பத்து நாள் புதுப்பெண் அப்படிக் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

அதற்குப் பிறகு கேட்கத் தோதான நாளே வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு, தனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டுத் தம்பியைப் படிக்க வைத்தவள் அந்த அக்கா, இவளுக்கு அண்ணி. அவளை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் கேட்பது? கடற்கரைக்குப் போனால் மூன்று டிக்கெட், மலைக்குப் போனால் மூன்று டிக்கெட். பிள்ளை உண்டாகவில்லை என்று டாக்டரைப் பார்க்கப் போனபோதும் மூன்று நாற்காலி. டாக்டர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அண்ணியே பதில் சொன்னாள்.

வாய்விட்டுக் கேட்க முடியாததை இந்த வருஷம் ஒரு வீட்டை வைத்துச் சாதித்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். விரிப்புகள் இயந்திரத்தில் சுழலும் நேரத்திலெல்லாம், வெளிநாட்டுக் கிராமத்தில் ஒரு வாரம் தங்க வாடகை வீடு ஒன்றைப் போனில் ஐந்து மாதம் தேடினாள். ஒன்று ஆனை விலை. ஒன்றில் குளியலறை பக்கத்து வீட்டோடு பொது. ஒன்று கொள்ளை மலிவு, ஆனால் ஜன்னலைத் திறந்தால் பன்றிப் பண்ணை. கடைசியில் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்று அகப்பட்டது. செம்மறி ஆடு வளர்க்கும் ஒரு பண்ணைக்காரி, வைக்கோல் கொட்டகையை அறையாக மாற்றி வைத்திருந்தாள். கீழே அடுப்பும் மேசையும். ஏணி வழியாக ஏறினால் பரண்மேல் ஒரே ஒரு கட்டில். வாடகையும் கைக்கு அடக்கம்.

அண்ணிக்கு இரண்டு முட்டியும் போய் மூன்று வருஷமாகிறது. இவள் போனில் ஏணிப் படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ணினாள். பதினொன்று. அண்ணியே 'நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க' என்று சொல்லிவிடுவாள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

கணவனுக்குத் தொழிற்சாலை ஒன்றில் சாமான் வாங்கிப்போடும் பிரிவில் வேலை. அங்கே அவனுக்குப் பட்டப்பெயரே 'கொறச்சுக்கோ'. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்கூட ஆம்புலன்ஸ்காரனிடம் பேரம் பேசிவிட்டுத்தான் ஏறுவான் என்பார்கள். அவன் படங்களைப் பார்த்தான், தலையாட்டினான், பண்ணைக்காரிக்குப் போன் போட்டான். அரைமணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தான். அதே வாடகைக்கு இரண்டு படுக்கையறையோடு பெரிய வீடே கிடைத்துவிட்டதாம். தரையோடு தரையாக, ஒரு படிகூட இல்லாமல். பதிலுக்குத் தினமும் காலையில் பண்ணையில் உள்ள நாலு விருந்தினர் அறைகளுக்கும் விரிப்பு மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான்.

"என் வைஃப் இதுல பெரிய ஆளுன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

பெரிய வீடு எதற்கு என்று மட்டும் கேட்டாள். பின்னே அக்கா எங்கே படுப்பாள் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

விமானத்தில் அண்ணி நடுவில் உட்கார்ந்தாள். இறங்கிய இடத்தில் நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊருக்குக்கூடத் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள்.

கிராமம் படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு நேரமில்லை. அக்காவும் தம்பியும் காலையில் ஓடைக்கரையில் மெல்ல நடந்துவிட்டு வருவார்கள். அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவாள். கடைசி அறை அந்தக் கொட்டகை. அதில் ஓர் இளம் ஜோடி தங்கியிருந்தது. பதினோரு படி ஏறி, விரிப்பின் நாலு மூலையையும் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இறுக்கி மடிப்பாள். இரண்டு தலையணைகளில் ஒன்றில் மட்டும்தான் குழி விழுந்திருக்கும். மற்றதில் சுருக்கமே இருக்காது. ஆனாலும் இரண்டு உறையையும் மாற்றுவாள்.

மூன்றாம் நாள் வேலையை முடித்துத் திரும்பும்போது, பெரிய வீட்டின் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அக்காவும் தம்பியும் ரொட்டியும் காபியுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏணி வச்ச வீடாப் பார்த்துப் பிடிச்சிருக்காடா உன் பொண்டாட்டி" என்றாள் அண்ணி. "என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறதே அவதான். அவளுக்குத் தெரியாதா?"

"எனக்கு போட்டோவப் பார்த்த அன்னைக்கே தெரியும்க்கா. அதனாலதானே வீட்டையே மாத்தினேன்."

"இப்ப தினம் ஏறி இறங்குறா பாவம். ஆசைப்பட்ட வீடுதானே, நல்லா ஏறட்டும்."

அவன் சிரித்தான். காபி சிந்திவிடாமல் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஜன்னலுக்கு வெளியே அவள் கூடையோடு நின்றாள். 'அவருக்குப் புரியவில்லை, புரிந்தால் செய்துவிடுவார்' என்று பன்னிரண்டு வருஷமாக அவனுக்காகத் தன்னிடமே வாதாடி வந்திருக்கிறாள். அவனுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்திருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், உள்ளே போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்போலத்தான் இருந்தது. அந்த நாற்காலியில் அண்ணி இருந்தாள்.

உள்ளே போனாள். அண்ணி நொடியில் முகத்தை மாற்றிக்கொண்டு, "வாம்மா, காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணிக்கோ. அப்படியே எனக்கும் அரை கப்" என்றாள்.

அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை. கூடையைத் தரையில் வைத்தாள். அந்த ஊர் பாஷையில் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாத அண்ணியை ஒரு முறை பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க அக்காவ இன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுங்க. தனியாவே போகட்டும். மிச்சம் இருக்கிற நாலு நாளும் நீங்க என்கூட மட்டும் இருங்க."