பெயிண்ட் காயும் வரை

...அதுவும் சரிதான், வெறும் இரும்பை இப்படியே விட்டால் விடிவதற்குள் துரு பிடித்துவிடும், கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்துகொண்டு வருகிறது, என்று கமலா டப்பா மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். இரும்பு விறகடுப்பின் பழைய பெயிண்டையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டுப் போனவர் வீட்டுக்காரர் தங்கதுரைதான். நான் வந்து அடிக்கிறேன், நீ கைய வைக்காத, கோணலா அடிச்சிக்கினு நிப்ப, என்று சொல்லிவிட்டு முந்தாநாள் கோடாலியோடு தியாகதுருகம் பக்கம் சாலை மறியலுக்குப் போன மனுஷன். அடுப்பைவிட இட ஒதுக்கீடு பெரிசுதான், யார் இல்லையென்றது, ஆனால் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போனால் அரசாங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது... வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம், பஸ் இல்லை, எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது, செத்தவர்கள் பேர் சொல்லவில்லை. சொல்லாதவரை நல்லது. இல்லை, சொல்லிவிட்டால்தான் நல்லதோ? முதலில் கால்கள், அப்புறம் வாய்ப்பக்கம், பிரஷ் மயிர் உதிர்ந்து ஒட்டிக்கொள்கிறது, கோணல்தான், வந்து திட்டட்டும், வாய் நிறையத் திட்டட்டும்.

காய்கிறவரை பற்றவைக்க முடியாது என்பது அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. மண் அடுப்பு போன மழையிலேயே விண்டுபோயிற்று. உச்சி வெயில் சாய்கிறது, கூரைமேல் புகை இல்லை. சாவு விழுந்த வீட்டில்தானே இப்படி அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தில் ஆக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்... என்ன புத்தி இது, எத்தனையோ நாள் இருக்க இன்றைக்கா பூச வேண்டும்? அதற்குள் எதிர்வீட்டுப் பெரியம்மாள் தட்டால் மூடிய குண்டானோடு படலைத் திறந்துகொண்டு வந்தாள். கமலா ஓடிப்போய் எதிரே நின்றாள்.

"இன்னாக்கா, எதுனா சேதி வந்துச்சா?"

"ஒரு சேதியும் இல்ல. பொகையே காணோமேன்னு எட்டிப் பாத்தேன், நீ பெயிண்ட் அடிச்சிக்கினு இருந்த. ரெண்டு பேருக்கும் சேத்துதான் எடுத்தாந்தேன். தம்பி மறியல்லேர்ந்து பசியோட இல்ல வரும்."

கமலாவின் கையெல்லாம் கறுப்பு. பெரியம்மாளே குண்டானை உள்ளே வைத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாள், ரெண்டு பேருக்கு என்று... அவர் போன அன்றைக்கு ராத்திரியே நான் எவ்வளவு அரிசி போட்டேன், நேற்று எவ்வளவு, ஒருத்தி சாப்பிடுகிற அளவுதானே, மிச்சப்பட்டால் வீணாகிவிடும் என்றுதான் குறைத்துப் போட்டேன், அதற்காகத்தானே போட்டேன்?